ஃபோல்டருக்கு ஒரு வாட்ச்மேன்

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதஸ்ஸிர், மஹதியின் திருமண வரவேற்பு அழைப்பிதழில் மாப்பிள்ளை மாறியிருப்பதைப் பார்த்தார். சனிக்கிழமை வரை அங்கே சுஹாஸ் இருந்தார். இப்போது முத்துகிருஷ்ணன் இருந்தார்.

மண்டபம் அதே மண்டபம். தேதி அதே தேதி. பெண்ணின் அப்பா மாணிக்கவாசகம், மயிலாப்பூர் முகவரி, எல்லாம் அப்படியே. மாப்பிள்ளை மட்டும் வேறு ஆள்.

பாண்டி பஜாரில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக் கொடுக்கும் கடை முதஸ்ஸிருடையது. "பெரியப்பா பேர்ல ஒரு காலைக் காணோம்" என்று ஆளுக்கு ஆள் சண்டைக்கு வந்ததால் போன வருஷம் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொரு பார்ட்டிக்கும் இன்டர்நெட்டில் ஒரு ஃபோல்டர். பத்திரிகை வாசகத்தை அதில் போட்டு லிங்க் அனுப்பிவிடுவார். அவர்களே வீட்டிலிருந்து திறந்து திருத்திக்கொள்ள வேண்டியது. தப்பு வந்தால் அவர்கள் பாடு.

ஆனால் அந்த லிங்க் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் சுற்றுகிறது என்பது அவருக்குத் தெரியும். யாரோ பொறாமை பிடித்த ஆசாமி விளையாடுகிறான் என்று முடிவு கட்டினார். முத்துகிருஷ்ணனை அழித்தார். சுஹாஸை உட்கார வைத்தார்.

மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், மறுபடி முத்துகிருஷ்ணன்.

மாணிக்கவாசகத்துக்கு போன் போட்டார். போட்ட பிறகுதான் சங்கடம் உறைத்தது. பெண்ணைப் பெற்றவரிடம், "உங்க மாப்பிள்ளை யாருங்க?" என்று எப்படிக் கேட்பது?

"சார், பத்திரிகை விஷயமா... மேட்டர் எல்லாம் சரியா இருக்கு இல்ல?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அதுல எப்படி இருக்கோ அப்படியே போட்டுடுங்க தம்பி. அதைப் பத்திப் பேசற நிலைமையில நான் இல்ல." போன் வைக்கப்பட்டது.

முதஸ்ஸிருக்கு நெஞ்சு உருகிவிட்டது. பாவம் மனுஷன், கல்யாண அலைச்சல். எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார்! இந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றுவது இனி தன் பொறுப்பு.

சாயங்காலம் மனைவியின் தம்பி யாசிரைக் கூப்பிட்டார். யாசிர் திருவான்மியூர் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான்.

"இவ்ளோதானே மச்சான்? ஃபோல்டருக்கு ஒரு வாட்ச்மேன் போட்டுடலாம். யாராவது ஃபைல்ல கை வெச்சா உடனே மணி அடிக்கும்."

சின்ன புரோகிராம்தான். யாசிர் டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டான். கடைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கோயில் மணிச் சத்தத்தையே வைத்தான்.

மறுநாள் காலை முதல் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஃபைலைத் திறந்தால் அடித்தது. மூடினால் அடித்தது. கம்ப்யூட்டர் தன் வசதிக்கு ரகசியமாக ஒரு நகல் எழுதிக்கொண்டால் அதற்கும் அடித்தது. கார்டு பார்க்க வந்த ஒரு குடும்பம், இருப்பதிலேயே விலை கூடிய கார்டைத் தொட்ட நேரம் பார்த்து மணி அடிக்கவே, சகுனம் என்று அதையே எடுத்துக்கொண்டது. அன்றைய லாபம் அது ஒன்றுதான்.

"அடிக்கிறது சரிப்பா. அடிச்சு என்ன பிரயோஜனம்? அவன் மாத்திட்டுப் போயிடறானே."

"அப்ப வாட்ச்மேனையே திருப்பி மாத்தச் சொல்லிடறேன் மச்சான். எவன் மாத்தினாலும் அடுத்த நொடி பழைய பேரு வந்து உக்காந்துடும்."

புதன்கிழமை அந்த ஏற்பாடு அமலுக்கு வந்தது. முத்துகிருஷ்ணன் வந்தார். மணி அடித்தது. வாட்ச்மேன் சுஹாஸைக் கொண்டுவந்தது. ஃபைல் மாறியதால் மணி அடித்தது. வாட்ச்மேன் மறுபடி சுஹாஸைக் கொண்டுவந்தது. மறுபடி மணி. நிறுத்த வழி தெரியாமல் முதஸ்ஸிர் ஸ்பீக்கரைத் தலையணை உறையில் சுற்றினார். பக்கத்துப் புடவைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பாய், கடைக்குள்ளயே கும்பாபிஷேகமா?"

யாசிர் போனில் சிரித்தான். "தான் மாத்துறதையும் திருடன் மாத்துறதா நினைச்சுக்குது மச்சான். இருங்க, அதோட கை எது, அடுத்தவன் கை எதுன்னு சொல்லிக் குடுத்துடறேன்."

சொல்லிக் கொடுத்தான். அதன் பிறகு வாட்ச்மேன் பிரமாதமாக வேலை செய்தது. முத்துகிருஷ்ணன் தலை காட்டினால் ஒரே மணி, சுஹாஸ் ஆஜர். முதஸ்ஸிர் வேலையை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு வேடிக்கை பார்த்தார்.

எதிராளியும் லேசுப்பட்டவன் இல்லை. கொட்டை எழுத்தில் 'முத்துகிருஷ்ணன்' என்று அடித்தான். போனது. கலரில் அடித்தான். அதுவும் போனது. கடைசியில், 'முத்துகிருஷ்ணன் ப்ளீஸ்' என்று வந்தது.

"ப்ளீஸ் போட்டு மோசடி பண்றான் பாரு!" என்றார் முதஸ்ஸிர், யாரும் இல்லாத கடையில்.

இனியும் பொறுப்பதில்லை என்று, வெளியிலிருந்து யாருமே திறக்க முடியாதபடி ஃபோல்டரைப் பூட்டினார். மணி ஓய்ந்தது. அன்றே அச்சுக்கு அனுப்பினார். மெரூன் அட்டையில் தங்க எழுத்து. மஹதி – சுஹாஸ். கணக்கில் வராத ஒரு ஜரிகைக் குஞ்சமும் தன் சார்பில் கட்டிவிட்டார்.

சனிக்கிழமை பெண்ணின் அத்தை ஜெயலக்ஷ்மி, ஆட்டோவை வெளியே நிற்க வைத்துவிட்டுப் பெட்டிகளை வாங்க வந்தார்.

"உக்காருங்கம்மா. உங்க குடும்பத்துக்கு எதிரா ஒரு பெரிய சதி நடந்துது. அல்லாஹ் புண்ணியத்துல நான் முறியடிச்சேன்."

அந்த அம்மாள் உட்கார்ந்தார். முதஸ்ஸிர் ஒன்றையும் விடாமல் சொன்னார். வாட்ச்மேன், மணி, விடாப்பிடியான அந்த விஷமி, அவன் போட்ட ப்ளீஸ் வரைக்கும். சொல்லி முடித்து, ஒரு பெட்டியைப் பிரித்து, மேலே இருந்த கார்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"எவ்ளோ தடவை மாத்தினாலும் விடலியேம்மா. பாருங்க, தங்க எழுத்துல."

ஜெயலக்ஷ்மி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அந்த அம்மாள் கார்டை மெதுவாகப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினார்.

"பேரை யாரும் தப்பா மாத்தலை தம்பி, நாங்க மாப்பிள்ளையைத்தான் மாத்தினோம்."