தங்கக்காது

"எப்படி இருக்கு?" என்று மேனேஜர் கேட்டார்.

கேட்டது தங்கக்காதின் காதில் விழவில்லை, உதட்டில் தெரிந்தது. அவருடைய இரண்டு காதிலும் புத்தம்புது இயர்பட்ஸ். மேனேஜர் எதிர் நாற்காலியில் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம் சார். குரல் அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கு."

"நான் இன்னும் பாட்டே போடலையே."

மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் ஏழு மாதமாக இதே பிழைப்பு. நாக்கு தானாகவே ஓடியது.

"உங்க குரலைச் சொன்னேன் சார். இதை மாட்டிக்கிட்டும் எதிர்ல பேசுறவங்க குரல் பளிச்சுன்னு கேக்குது. மத்த மாடல்ல இது வராது."

மேனேஜர் தலையாட்டினார். "அதை அப்படியே எழுதிடுங்க" என்றார் சந்தோஷமாக.

ஆபீஸில் எல்லாரும் அவரைத் 'தங்கக்காது' என்று கூப்பிட்டார்கள். கம்பெனி எங்கிருந்தோ இயர்பட்ஸை மூட்டை மூட்டையாக வரவழைத்து, தன் பெயரைப் போட்டு விற்றது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்ன அட்டை இருக்கும். 'எங்கள் நிபுணர் வீட்டிலும் தெருவிலும் பேருந்திலும் பதினைந்து நாள் கேட்டுப் பார்த்துச் சான்றளித்தது.' அதன் கீழே தங்கக்காதின் கையெழுத்து இருக்கும்.

நிபுணருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது, பக்கத்தில் வந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வேலை செய்யும். மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்துப் பிடிப்பதுதான். அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் மிஷின் பக்கத்தில் நின்றவர். அச்சகத்தை மூடியபிறகு ஒன்றரை வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தோரு வயதில் கிடைத்த வேலை இது, இதுவும் போனால் வேறு கதி கிடையாது. காதைப் பற்றி மூச்சு விடாமல் சேர்ந்துவிட்டார். குட்டு என்றைக்கு வெளிப்படுமோ என்று தினமும் செத்துச் செத்துப் பிழைத்தார்.

உண்மையான பரிசோதகர் அவர் மனைவிதான். சாயங்காலம் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு சமையல் செய்வாள், மாடிப்படி ஏறி இறங்குவாள், கடைத்தெரு வரை நடந்துவிட்டு வருவாள். அவர் படிவத்தை வைத்துக்கொண்டு மேசையில் காத்திருப்பார்.

"சொல்லு. எட்டாம் மாடல். பாட்டு எப்படி?"

"பாடுறவருக்கு ஜலதோஷம் போலிருக்கு."

"அப்படியெல்லாம் எழுத முடியாது."

"அப்ப எதுக்கு என்னைக் கேக்குறீங்க? இடது பக்கம் தகரத்தைச் சுரண்டுற மாதிரி ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு. பஸ் ஸ்டாப்புல நின்னா பாட்டைவிட பஸ்தான் நல்லா கேக்குது. அப்பாவுக்கு போன் போட்டேன், கிணத்துக்குள்ள இருந்து பேசுறியான்னு கேட்டார்."

"உங்கப்பாவுக்குக் காது மந்தம்."

"இந்த வீட்டுல அதை யார் சொல்றதுன்னு ஒரு கணக்கு இல்லையா?"

அவர் பேனாவை உருட்டினார். தகரச் சத்தம் என்று எழுதினால், எந்த நொடியில், எந்தப் பக்கம், ஒலியைக் குறைத்தால் நிற்கிறதா என்று கம்பெனி எஞ்சினியர் துருவுவார். எதிரில் உட்காரவைத்து, கேட்டுக் காட்டச் சொல்வார். குறை சொன்னால்தான் கேள்வி வரும், நல்லது சொன்னவனை யாரும் நோண்டுவதில்லை. அதனால் வழக்கம்போல ஐந்து கட்டத்திலும் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏற்கெனவே விற்ற ஏழு மாடலும் கடைகளிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தன. வாடிக்கையாளர்கள் நேரில் வந்தே கத்தினார்கள். ஒருநாள் வாசல் பெஞ்சில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இயர்பட்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் அவரைச் சமாதானப்படுத்துவதைத் தங்கக்காது கதவு இடுக்கு வழியாக உதட்டில் படித்தார்.

"எங்க நிபுணருக்கு அப்படி ஒரு சத்தமும் கேக்கலையே சார். கையெழுத்தே போட்டிருக்காரு பாருங்க. மனசறிஞ்சு பொய் சொல்ற ஆள் இல்ல அவர்."

வாத்தியார் போய்விட்டார். இப்படி நம்புகிற மேனேஜரை ஏமாற்றுகிறோமே என்று அன்றைக்குத் தங்கக்காதுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். "அடுத்த மாசம் பெரிய கடைக்காரர் ஒருத்தர் வரார். நாப்பது கடை வச்சிருக்காரு. எட்டாம் மாடலை உங்க கையால வாங்கி, உங்க வாயால கேட்டுட்டுத்தான் ஆர்டர் கொடுப்பாராம். நீங்க ஒண்ணும் புதுசா செய்ய வேணாம். எப்பவும் போல இருங்க."

எப்பவும் போல இருக்கச் சொன்னதை அவர் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். மேனேஜர் ஏதோ வாடை பிடித்துவிட்டார் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனார். வரும்போது அவருடைய காது மிஷின் இவர் சட்டைப் பையில் இருந்தது. சுத்தம் செய்து தருவதாகச் சொல்லி வாங்கி வந்திருந்தார்.

"எங்கப்பா காதுல இருந்ததைப் பிடுங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

"ஒரு வாரத்துக்குத்தான்."

"அந்த ஒரு வாரம் அவர் என்ன பண்ணுவாரு?"

"நான் பண்றதைப் பண்ணுவாரு. தலையாட்டுவாரு."

திங்கட்கிழமை மிஷினை வலது காதில் பொருத்தி, முடியை இழுத்து மூடி, அதற்கு மேலேயே எட்டாம் மாடலைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு கருவிக்கும் ஒன்றையொன்று பிடிக்கவில்லை. மிஷின் கீச்சென்று ஊளையிட ஆரம்பித்தது. டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் காதைப் பொத்தினாள். பெட்டி அடுக்கும் ஆள்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த ஊளை கேட்காத ஒரே ஆள் தங்கக்காதுதான். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும், மரியாதைக்கு ஒரு புன்னகை செய்தார்.

மேனேஜர் ஓடி வந்தார். "என்ன சத்தம் அது?"

மிஷினைக் காட்டிக்கொடுக்க முடியாது. பழியை இயர்பட்ஸ் மேல் போட்டார். "எட்டாம் மாடல்தான் சார். கத்துது."

"கத்துதா?" மேனேஜர் முகம் வெளிறியது. "உங்களுக்கே கேக்குதா?"

"தெளிவா கேக்குது சார்" என்றார், சந்தேகம் வரக்கூடாதென்று அழுத்தமாக.

மேனேஜர் தள்ளாடியபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதல்முறையாகக் குறை சொன்ன நாளிலேயே இந்தக் கோபமா என்று தங்கக்காது நடுங்கிப்போனார். மிஷினைப் பைக்குள் போட்டார். மறுநாள் காலையில் முதல் வேலையாகப் போய் நின்றார்.

"நேத்து சொன்னது தப்பு சார். நல்லா கேட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுமே கேக்கலை."

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரே எழுந்து போய் டீ கொண்டுவந்து கொடுத்தார். "அதானே. பயமுறுத்திட்டீங்க" என்றார்.

இது கடைசி எச்சரிக்கை என்று தங்கக்காது எடுத்துக்கொண்டார். அன்றைக்கு மத்தியானமே காது டாக்டரிடம் போய் உட்கார்ந்தார்.

"அச்சு மிஷின் மேல பழியைப் போடாதீங்க" என்றார் டாக்டர், அவர் முகத்துக்கு நேராக. "உள்ள ஒரு குட்டி எலும்பு இறுகிப்போச்சு. சின்ன ஆபரேஷன். முதல்ல இடது காதைச் சரி பண்ணிடலாம். பத்து வருஷம் முன்னாடியே வந்திருக்கலாம்ல?"

ஆபீஸில் மூன்று வாரம் லீவு கேட்டார். மாமனாருக்குச் சீரியஸ் என்று எழுதிக் கொடுத்தார்.

"முதல்ல காதைப் பிடுங்கினீங்க, இப்ப ஆளையே படுக்க வைக்கிறீங்களா?" என்றாள் மனைவி. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தாள். வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கட்டுப் பிரித்த அன்று வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறி கிரீச்சிட்டது. பக்கத்து அறையில் குழாய் சொட்டியது. மனைவி சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு, தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்த மனுஷன் மறுபடியும் செருப்பை நடுவுல விட்டிருக்காரு பாரு."

"இதோ எடுத்து வைக்கிறேன்" என்றார்.

அவள் கரண்டியோடு திரும்பினாள். இத்தனை வருஷம் முதுகு காட்டிச் சொன்ன எதற்கும் அவரிடமிருந்து பதில் வந்ததில்லை. அவருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கும்தான்.

"அப்ப இனிமே நான் முணுமுணுக்கவே முடியாதா?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கடைக்காரர் வந்த நாளில் தங்கக்காது இஸ்திரி போட்ட சட்டையில் போனார். வேலையில் சேர்ந்தபிறகு முதல்முறையாகக் குளிர்விட்டுப்போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஏமாற்றியதற்கெல்லாம் சேர்த்து இன்றைக்கு வட்டியோடு உழைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று உறுதி எடுத்திருந்தார். கடைக்காரர் பாட்டைப் போட்டார்.

பத்து நொடியில் தங்கக்காதின் முகம் கோணியது.

"சார், இடது பக்கம் தகரத்தைச் சுரண்டுற சத்தம் வருது. பாட்டு நின்னாலும் அது நிக்கலை."

மேனேஜர் இருமினார். தங்கக்காதுக்கு அந்த இருமலும் நன்றாகக் கேட்டது. ஊக்கம்தான் கொடுக்கிறார் என்று நினைத்து மேலே போனார்.

"பட்டனை அழுத்தி அரை நொடி கழிச்சுத்தான் பாட்டு வருது. குரல் மூக்கால பாடுற மாதிரி இருக்கு. இருங்க, போன் போட்டுப் பாக்குறேன்." மனைவியைக் கூப்பிட்டார். "ஆமா சார், கிணறுதான். அவ சொன்னது நூத்துக்கு நூறு உண்மை."

ஒன்று, இரண்டு என்று பதினோரு குறையை நொடிக் கணக்கோடு எழுதி நீட்டினார். கடைக்காரர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து தங்கக்காதின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எந்தக் கம்பெனியிலயும் இவ்வளவு நேர்மையா சொல்லி நான் கேட்டதில்லைங்க. பெரிய உபகாரம்" என்று சொல்லிவிட்டு, ஆர்டர் எதுவும் கொடுக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

மேனேஜர் கார் போகும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, மிகவும் மெதுவாக, "காது எப்பலேருந்து இப்படி?" என்று கேட்டார்.

சுவரைப் பார்த்துக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்ததில் தங்கக்காதுக்குத் தலைகால் புரியவில்லை. "மூணு வாரம்தான் ஆச்சு சார். லீவு போட்டதே அதுக்குத்தான்."

சாயங்காலம் ஆள்சேர்ப்புப் பிரிவின் குமாஸ்தா அம்மா கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தாள். பிரித்துப் படித்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோதும் அதேதான் இருந்தது. எதிரில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், சேரும்போது காது கேக்காதுன்னு சொல்லாம மறைச்சேன். அது தப்புதான், கால்ல வேணும்னாலும் விழறேன். ஆனா இப்பதான் நல்லா கேக்குதே. என் வீட்டுல என்னை நம்பித்தான் இருக்காங்க. வேணும்னா நீங்களே டெஸ்ட் பண்ணிப் பாருங்க. இனிமே ஒரு சின்னச் சத்தத்தைக்கூட விட மாட்டேன்."

அந்த அம்மா அக்கம்பக்கம் பார்த்தாள். அவர் மேல் உண்மையாகவே இரக்கப்பட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சார், இந்த வேலைக்குப் பதினாலு பேர் வந்தாங்க. காது நல்லா கேட்ட பதிமூணு பேரையும் திருப்பி அனுப்பிட்டுத்தான் உங்களை எடுத்தோம்."