டெம்ப்ஸ்டர் சாலைப் பயண ஆயத்தக் குழு

மனித குலம் மேற்கொண்ட பயணங்களிலேயே மகத்தானது எதுவென்றால், கனடாவின் எட்மண்டன் நகர 'வடதிசை மோட்டார் சைக்கிள் வீரர்கள் சங்கம்' டெம்ப்ஸ்டர் என்னும் சரளை நெடுஞ்சாலை வழியாக ஆர்க்டிக் கடலுக்கு மேற்கொள்ளவிருக்கும் பயணம்தான். மற்றவர்கள் வண்டியை எடுத்தோம், கிளம்பினோம், போய்ச் சேர்ந்தோம் என்று பொறுப்பில்லாமல் நடந்துகொள்கிறார்கள். நாங்கள் ஏழு ஆண்டுகளாகத் திட்டமிட்டு வருகிறோம். இந்த ஏழு ஆண்டுகளில் எங்களில் ஒருவர்கூடச் சரளையில் சறுக்கி விழவில்லை. ஒரு டயர்கூடப் பஞ்சராகவில்லை. ஒரு கரடிகூட எங்களை நெருங்கத் துணியவில்லை. வேறு எந்தச் சங்கமாவது இப்படிச் சாதித்திருந்தால் சொல்லுங்கள், பார்ப்போம்.

சங்கத்தின் செயலாளர் அடியேன். தலைவர் வெர்ன் காஸ்வெல், இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் விபத்துகளை மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர். ஆபத்து என்றால் பத்து மைல் தள்ளியே மோப்பம் பிடித்துவிடுவார். செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு டோனட் கடையில் எட்டுப் பேர் கூடுவோம். எல்லோரும் காரில்தான் வருவோம். மோட்டார் சைக்கிளில் வந்தால் குளிரும்.

இந்த ஒழுங்கைக் குலைத்தவர் ஒரெஸ்ட் பாவ்லுக் ஒருவர்தான். வயது எழுபத்து நான்கு. சரளைச் சாலைகளைச் சமன் செய்யும் இயந்திரத்தை நாற்பது வருஷம் ஓட்டியவர். தன் பழைய நானூறு சிசி வண்டியில், மழையென்றும் பாராமல், சேறு தெறிக்க வந்து இறங்குவார். மோட்டார் சைக்கிள் சங்கத்துக்கு மோட்டார் சைக்கிளில் வருவது எங்களுக்கெல்லாம் சற்றுக் கூச்சமாக இருக்கும்.

இந்த வருஷம் மார்ச் மாதக் கூட்டத்தில் அவர் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"இந்தக் கோடைதான்யா எனக்கு. வலது கண்ணு போயிட்டே இருக்கு. இடது கண்ணும் அது பின்னாலயே கிளம்பிடுச்சு. செப்டம்பர்ல மறுபடி டெஸ்ட் பண்ணுவாங்களாம். லைசென்ஸ் அத்தோட சரி. அதுக்குள்ள அந்தக் கடலை ஒரு தடவை பாத்துடணும்."

"நீ பாட்டுக்குத் தனியா போயிட்டு வர வேண்டியதுதானே?" என்றார் ஒரு உறுப்பினர்.

"தனியா போக மாட்டேன்னு என் மக நடாலி சத்தியம் வாங்கிட்டா. கூட ஒரு ஆளு இருந்தா போதும்னு சொல்றா. ஒரே ஒரு ஆளு."

வெர்ன் நெகிழ்ந்துபோனார். மூக்கை உறிஞ்சினார். "ஒரெஸ்டுக்காகவே இந்த வருஷம் போறோம். ஆனா அவரோட கண்ணை மனசுல வெச்சு, பாதுகாப்பு ஏற்பாட்டை ரெண்டு மடங்காக்கணும்," என்றார். தீர்மானம் பலத்த கரவொலியுடன் நிறைவேறியது.

ஏப்ரலில் கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பானைச் 'செயல்முறைப் பரிசோதனை' செய்தோம். வெளியே காற்று அடித்ததால், வெர்னின் கார் கொட்டகைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு அடித்துப் பார்த்தோம். அற்புதமான சரக்கு! ஏழு பேருக்கும் ஒரு வாரம் கண் திறக்கவில்லை. அன்று தாமதமாக வந்த ஒரெஸ்ட்தான் கதவைத் திறந்து, எங்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

"கண்ணு தெரியாதவனை யாரு கூட்டிட்டுப் போறதுன்னு பேசிட்டிருந்தீங்களே," என்று சிரித்தார். இந்தக் கிண்டலை நான் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

ஜூனில் 'தூக்கல் தேர்வு'. அந்த வனாந்தரத்தில் வண்டி சாய்ந்தால் நிமிர்த்திக் கொடுக்க ஆள் வரமாட்டான் அல்லவா? ஆகவே ஒவ்வொருவரும் முழுச் சுமையோடு தன் வண்டியைத் தானே தூக்கிக் காட்ட வேண்டும் என்று விதி செய்திருந்தோம். வெர்னின் வண்டியில் நான்கு அலுமினியப் பெட்டிகள், இரண்டு கூடாரங்கள், மாற்று டயர் இரண்டு, ஒரு மடக்கு நாற்காலி, அரைக்கும் வசதியுள்ள காபி இயந்திரம் ஆகியவை இருந்தன. புல்தரையில் சாய்த்துப் போட்டோம். சாய்வது சுலபமாகத்தான் இருந்தது. தூக்க நான்கு பேரும், பக்கத்து வீட்டுக்காரரும், அவருடைய டிராக்டரும் தேவைப்பட்டன. என் வண்டி உட்பட மற்ற வண்டிகளும் அப்படியே.

ஒரெஸ்ட் தன் வண்டியைச் சாய்த்தார், முதுகைக் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினார், கையைத் தட்டிக்கொண்டார்.

"அவ்வளவுதானே?"

வெர்ன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் கறுத்தது. "ஒரெஸ்ட், இது தப்பாச்சே. உன்னால இதைத் தூக்க முடியுது."

"தூக்கத்தானே சொன்ன?"

"தூக்க முடியுதுன்னா போதுமான பாதுகாப்புச் சாமான் இல்லைன்னு அர்த்தம். இந்த நிலைமையில உன்னை அனுப்பினா நாளைக்கு நடாலி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

எவ்வளவு கூர்மையான வாதம் பாருங்கள்! ஒரெஸ்டின் வண்டி 'போதிய ஆயத்தமற்றது' என்று தள்ளுபடியானது. அதோடு, சரளையில் ஓட்டும் பயிற்சிச் சான்றிதழும் அவர் வாங்கி வர வேண்டும் என்றது பயிற்சித் துணைக்குழு. அந்தப் பயிற்சித் திடலுக்குச் சரளை பரப்பியவரே ஒரெஸ்ட்தான் என்பது சான்றிதழுக்கு ஈடாகாது. மனிதர் ஜூலையில் இரண்டு நாள் போய் அதையும் வாங்கி வந்தார். பெட்டிகளும் வாங்கி மாட்டினார். மறு தேர்வில் அவராலும் தூக்க முடியவில்லை. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் முதல் செவ்வாயன்று, கூட்டம் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் ஒரெஸ்ட் என் கையைப் பிடித்தார்.

"இங்க பாரு, இவங்க கிளம்ப மாட்டாங்க. உன்கிட்ட வண்டி இருக்கு. வேலை வெட்டி கிடையாது. நீ முன்னால போ, நான் உன் பின்விளக்கைப் பாத்துட்டே வந்துடுறேன். பகல்ல மட்டும் ஓட்டுவோம். மூணு வாரம். நாளைக்கே போலாம்யா."

எனக்கும் போக ஆசைதான். ஆனால் ஒரு செயலாளர், குழுவின் ஒப்புதல் இல்லாமல் இப்படித் தான்தோன்றித்தனமாகக் கடல் பார்க்கப் போகலாமா?

"குழுவுல வெச்சுப் பேசிடலாம் ஒரெஸ்ட்," என்றேன்.

பேசினோம். 'முன்னால் போவது' என்றால் எத்தனை மீட்டர் முன்னால் என்று வரையறுக்க மூவர் குழு அமைத்தோம். அவர்கள் அறிக்கை கொடுத்த அன்று வடக்கே முதல் பனி விழுந்திருந்தது. அடுத்த வாரம் ஒரெஸ்டின் லைசென்ஸும் போனது.

அவருக்குப் பாராட்டு விழா நடத்தாமல் விட்டுவிடுவோமா? அக்டோபரில், அதே டோனட் கடையில், 'வாழ்நாள் பயண ஆலோசகர்' பட்டமும், ஆர்க்டிக் கடலின் ஆறடிப் புகைப்படம் ஒன்றும் வழங்கினோம். நடாலி அவரைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டாள்.

ஒரெஸ்ட் படத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். விரலால் தடவினார்.

"எல்லாம் வெள்ளையா ஒண்ணாத் தெரியுது. இதுல தண்ணி எந்தப் பக்கம்?"

நான் அவர் விரலைப் பிடித்துக் கடலில் வைத்தேன். சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார். வெர்ன் கைக்குட்டையை எடுத்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நற்செய்தி சொன்னார்.

"நண்பர்களே, நம்ம பயணத்துக்கு இருந்த ஒரே பெரிய ஆபத்து ஒரெஸ்டோட கண்ணுதான். வருத்தமான விஷயம், ஆனா அந்தத் தடை இப்போ நீங்கிடுச்சு. அடுத்த ஜூலையில நாம ஏழு பேரும் கிளம்புறோம். ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. ஒரெஸ்ட் மேசையைச் சுற்றிக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்தார்.

"எனக்கு மங்கலா இருக்குப்பா. நீ பாத்துச் சொல்லு. யாராவது ஒருத்தராவது கையைத் தூக்காம இருக்காங்களா?"

"யாரும் இல்ல ஒரெஸ்ட்," என்றேன், என் கையை இறக்காமலே.