சாய்வுக்கோடு ஒழிப்பு

நேர்மையை வேரூன்றச் செய்த முதல் அலுவலகம் எது என்று வருங்கால ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நமது இயக்குநரின் அலுவலகம்தான். நேர்மை வாரத்துக்கு அவர் விட்ட சுற்றறிக்கை ஒரே வரி: 'இங்கே வளைந்தது, சாய்ந்தது எதுவும் இருக்கக் கூடாது.' அன்றே சாய்வு நாற்காலிகள் வெளியேற்றப்பட்டன.

மேலாளர் அதோடு விடவில்லை. கணினி அறைக்குள் புகுந்தவர், சர்வரில் எழுதியிருந்த கோப்புப் பாதையைப் பார்த்துத் திடுக்கிட்டார். 'துவக்கம்/கரு' என்பதன் நடுவே ஒரு கோடு, வெட்கமே இல்லாமல் சாய்ந்து நின்றது. அதை அழித்து நேர்கோடு போட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

மறுநாள் காலை நாற்பது கணினிகளில் ஒன்றுகூடக் கண் விழிக்கவில்லை. அவற்றுக்குச் சொந்தச் சரக்கு கிடையாது. பூட்லோடர் என்கிற குட்டி நிரல், நெட்வொர்க் வழியாக சர்வரிடம் போய், எழுதியிருக்கிற பாதையிலிருந்து கோப்பை வாங்கி வந்தால்தான் அவை எழும். நேர்கோட்டை அது பாதையாகவே மதிக்கவில்லை. 'கோப்பு இல்லை' என்று நாற்பது திரைகளிலும் கையை விரித்துவிட்டது.

கணினிகளைக் கவனித்துக்கொள்பவளுக்கு ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தர ஆணை இயக்குநரின் மேசையில் 'பரிசீலனையில்' இருந்தது. இன்று அவர் முகம் சுளித்தால் வேலையே போய்விடும். அவசரக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"சார், ஒரே ஒரு கோட்டைச் சாய்ச்சா போதும். அஞ்சு நிமிஷ வேலை."

"என்னம்மா பேசுற? நேர்மை வாரத்துல சாய்க்கிறதா?" என்றார் இயக்குநர்.

"ஒரு பயிற்சி முகாம் நடத்திடலாம் சார்," என்றார் மேலாளர்.

"யாருக்கு?"

"பூட்லோடருக்குத்தான் சார். பழக்கினா நேராப் போகும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. வாய் முந்திக்கொண்டது.

"சார், அது சாயவே இல்ல. மேல இருக்கிற ஃபோல்டர் பெரிய அதிகாரி மாதிரி. அவரைத் தாண்டி உள்ள போறப்ப குனிஞ்சு ஒரு கும்பிடு. அந்தக் கோடு அதுதான்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? சாய்வு வேற, பணிவு வேற!"

கோடு குனிந்தது. நாற்பதும் எழுந்தன. இயக்குநர் அந்தச் சூட்டோடு சூடாக அவளுடைய ஆணையிலும் கையெழுத்துப் போட்டார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நன்றி சார். இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும்னு நினைக்கல."

"இது நாலு வருஷமா ரெடியாத்தாம்மா இருந்துச்சு," என்றார் இயக்குநர் வாஞ்சையோடு. "நீதான் நேரா நின்னுக்கிட்டே இருந்த."