எண்பத்து நாலாம் வருஷத்து வாசனை

இந்தத் தடவை பூண்டு வாசனை வந்துவிட்டது.

ஹார்லன் பூவைக் கசக்கி மறுபடி முகர்ந்தார். எலுமிச்சைத் தோல் இருந்தது. பைன் மரம் இருந்தது. மூன்றாவதாக வரவேண்டியது மட்டும் வரவில்லை; அந்த இடத்தில் பூண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் மலையில் கஞ்சா வளர்த்தால் ஜெயில் என்றிருந்த காலத்தில், கல்யாணமான புதிதில், அவரும் லோர்னாவும் வளர்த்த செடி. எண்பத்து நாலாம் வருஷம் காயவைத்த பூவில் சில்லென்று மூக்கில் ஏறுகிற ஒரு வாசனை இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க லோர்னாவின் கம்பளிச் சட்டையில்கூட அதே வாசனைதான். அவள் போய்ச் சேர்ந்த பிறகு, பழைய விதையிலிருந்து அதை மறுபடி பிறக்கவைப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. இப்போது லைசென்ஸ் இருக்கிறது, ஜெயில் இல்லை. வாசனையும் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தார்கள். எலுமிச்சைக்கு லிமோனீன், பைனுக்குப் பைனீன், இரண்டும் தாராளமாக இருக்கின்றன, மூன்றாவது இந்தச் செடியின் வம்சத்திலேயே கிடையாது என்றார்கள். அவர்களுக்கு மூக்கே இல்லை என்று முடிவுகட்டிய ஹார்லன், யூகலிப்டஸ் மணக்கும் ஓர் ஆண் செடியின் மகரந்தத்தைத் தூவினார். பிறந்ததெல்லாம் பூனை மூத்திரம் போல நாறியது. அதைச் சரிசெய்யப் போய்த்தான் பூண்டு.

மகள் மாரிஸ் அதுவரை பொறுத்தவள், அதற்குமேல் முடியவில்லை. கடைக்காரர்கள் எல்லாரும் திராட்சை வாசனைதான் கேட்கிறார்கள் என்றாள்.

"அம்மா ஞாபகம் எனக்கும் இருக்குப்பா. அதுக்காக நிலத்தையே விக்க முடியுமா?"

"இன்னும் ஒரே ஒரு கலப்பு. அப்புறம் நீ சொன்னபடி திராட்சையே போடறேன்."

அந்த ஒரே ஒரு கலப்பு அடுத்த இலையுதிர்காலத்தில் பூத்தபோது, செத்த மீன் வாசனை பள்ளத்தாக்கு முழுக்க இறங்கியது. கீழ்வீட்டு கோர்ட்லண்ட் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலேறி வந்தார். ஒருகாலத்தில் ஷெரிஃப் ஆபீஸில் போலீஸாக இருந்தவர்.

சண்டை போட ஹார்லனிடம் தெம்பில்லை. காபி ஊற்றிக்கொடுத்து, எதைத் தேடுகிறார் என்பதை முதலிலிருந்து சொன்னார்.

கோர்ட்லண்ட் கப்பைக் கீழே வைத்தார்.

"சில்லுனு ஏறுமா? கண்ணுகூட லேசா கரிக்குமா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வருஷம் சோதனைக்கு வந்தவங்கள்ல நானும் ஒருத்தன். எங்களைப் பார்த்ததும் நீ காட்டுக்குள்ள ஓடிட்டே. லோர்னா மொத்தப் பூவையும் கம்பளித் துணிப் பெட்டியில கொட்டி, அது மேல உட்கார்ந்துட்டாங்க. பார்க்கப் பாவமா இருந்துச்சு, நானும் தெரியாத மாதிரி வந்துட்டேன். அந்தப் பெட்டி நிறைய பாச்சை உருண்டை, ஹார்லன்."