கால் பலத்துக்கு ஒரு மீட்டர்

என் கால்களைப் பற்றி ஒரு காலத்தில் எனக்கு ரொம்பப் பெரிய அபிப்பிராயம் இருந்தது. இப்போது இல்லை.

இலங்கையிலிருந்து கப்பலில் வந்த எங்களைப் பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியேற்றியிருந்த நேரம். எனக்கு இருபது வயது. தோட்டத்துத் தபால் பையைச் சைக்கிளில் கொண்டுபோய், கீழே டீக்கடை முக்கில் நிற்கும் மதிய பஸ்ஸில் சேர்ப்பது என் வேலை.

கடலை மடித்துவந்த ஒரு பழைய தாளில், வெளிநாட்டுச் சைக்கிள் பந்தயக்காரர்கள் தங்கள் மிதி பலத்தைக் கருவி வைத்து அளக்கிறார்கள் என்று படித்தேன். வருஷத்துக்கு நாலு நாள் பந்தயம் போகிறவனே அளக்கும்போது, தினமும் மிதிக்கிற நான் அளக்க வேண்டாமா? (அளந்து என்ன செய்யப்போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பாவிகள், ஒருவரும் கேட்கவில்லை.)

ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் வர்கீஸ் சேட்டன், என் தொல்லை தாங்காமல், சைக்கிள் சக்கரத்து டைனமோவிலிருந்து வயர் இழுத்து ஓர் ஊசி மீட்டரை ஹேண்டில்பாரில் கட்டிக் கொடுத்தார்.

"மோனே, இது ஃபேக்டரி சாமான். ஒரு துளி வெள்ளம் பட்டா ரெண்டு பேர் ஜோலியும் போகும், கேட்டியா?"

அன்று பார்த்துப் பக்கத்து லயத்து வீட்டு ராக்கம்மா அக்கா ஒரு கடிதத்தோடு ஓடிவந்தார். "தம்பி, தங்கச்சி குடும்பத்துக்குக் கப்பல் கெடச்சிருச்சு. எங்க எறங்கி எந்த பஸ் ஏறணும்னு எழுதியிருக்கேன். இது போய்ச் சேராட்டி அதுக எங்கப்பா போய் நிக்கும்? இன்னிக்கே போட்டுரு."

"என் கால் பலம் தெரியாதா அக்கா?" என்றேன்.

பாதி இறக்கத்தில் மழை. மழைக்கென்று தோளில் கிடந்த கறுப்புக் கம்பளியை மீட்டர் மேல் போர்த்தினேன். ஊசி தெரியவில்லை. ஆகவே தலையையும் கம்பளிக்குள் விட்டுக்கொண்டேன். ஒரு சின்ன இடுக்கு வழியாக ரோடு தெரிந்தது, அது போதாதா?

டீக்கடை முக்கை நெருங்கும்போது ஒரே கூச்சல். "கரடி! கரடி!"

கரடி எனக்குப் பின்னால் வருகிறது என்று நினைத்தேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தேன். ஊசி துள்ளி ஏறிக் கடைசிக் கோட்டைத் தொட்டது. அந்தப் பயத்திலும் உள்ளுக்குள் ஒரு பூரிப்பு.

"அய்யோ, கரடி சைக்கிள் ஓட்டுதுங்க!" இது பஸ் கண்டக்டர், கோயம்புத்தூர்க்காரர்.

விசில் பறந்தது. பஸ் கிளம்பியது. "நில்லுங்க! நில்லுங்க!" என்று கம்பளிக்குள்ளிருந்தே கத்திக்கொண்டு துரத்தினேன்.

"பேசுது வேறங்க! ஓட்டுங்கண்ணா, ஓட்டுங்க!"

பஸ் போய்விட்டது. நான் டீக்கடை விறகுக் குவியலில் போய் விழுந்தேன். கடைக்காரர் கட்டையால் ஒரு போடு போட்டார். (போட்ட பிறகுதான் கம்பளியை விலக்கிப் பார்த்தார்.)

சாயங்காலம் நொண்டிக்கொண்டே போய் மீட்டரை ஒப்படைத்தேன். "சேட்டா, ஊசி கடைசி வரைக்கும் போச்சு!"

அவர் சைக்கிளைக் குனிந்து பார்த்தார். செயின் கழன்று தொங்கியது. "இது எப்போ போச்சு?"

யோசித்தேன். மழை ஆரம்பித்த இடத்திலேயே 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்ட ஞாபகம்.

"அப்போ நீ சும்மா காலைச் சுத்தியிருக்க. ஊசியை ஏத்தினது உன் பலமில்ல மோனே, மலையோட பலம்."

கடிதம் மறுநாள் பஸ்ஸில் போயிற்று. கண்டக்டர் பையைக் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினார். ராக்கம்மா அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் ஒருநாள் தாமதத்துக்குக் காரணம் சொல்லி, தங்கைக்கு இன்னொரு கடிதம் விவரமாக எழுதியிருக்கிறார். அதையும் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். உள்ளே இருப்பது என் மானம் என்று தெரியாமல்.

இரண்டு மாதம் கழித்துத் தங்கை குடும்பம் பத்திரமாக வந்து அதே முக்கில் இறங்கியது. நான் பெட்டியை வாங்கப் போனேன். அவர்களுடைய சின்ன மகள் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு கேட்டாள்: "அம்மா, கரடி மாமா இவங்களா?"

அவளுக்கே இப்போது பேரன் இருக்கிறான். போன தை மாதம் அவனுக்குக் காது குத்து. பத்திரிகை தபாலில் வந்தது. உறைமேல் என் பெயர் இல்லை, வீட்டு நம்பர் இல்லை. 'கரடி மாமா, பந்தலூர்' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

தபால்காரர் யாரிடமும் விசாரிக்காமல் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார்.