பி பாட்டிலில் முப்பத்தேழு

"அப்பா, ஒரு பாட்டில்ல மட்டும் முப்பத்தேழு பிளாஸ்டிக் துணுக்குப்பா!"

மகள் இதைச் சொன்னபோது அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வாயில் இருந்தது உள்ளே போக மனமில்லாமல், வெளியே வர வழியில்லாமல் அப்படியே நின்றது.

அவர் வாட்டர் ஃபில்டர் மெக்கானிக். பதினாறு வருஷ சர்வீஸ். கம்பெனி கொடுத்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஃபில்டரை மாத்தலைன்னா நீங்க குடிக்கிறது தண்ணியே இல்லம்மா" என்று பயமுறுத்தி, மாற்றிவிட்டு வருவார்.

அவர் வீட்டு மெஷினில் ஃபில்டரை மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது. "வர்ற ஞாயித்துக்கிழமை கண்டிப்பா" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லியே நூறு ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டிவிட்டார்.

"எந்தப் பாட்டில்ல?" என்று கேட்டார், கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு.

"பி-யில. ஏ-யில நாலு, சி-யில பதினொண்ணு."

"பி யார் வீடு?"

"அது யாருக்கும் தெரியாதுப்பா. எங்களுக்கே தெரியாது."

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சி சனிக்கிழமை. மகளும் அவளுடைய தோழியும் சேர்ந்து வீட்டுக் குடிநீரில் நுண்பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மகள் வீடு, தோழி வீடு, அறிவியல் டீச்சர் வீடு என்று மூன்று வீட்டுத் தண்ணீர். மூன்றும் ஒரே மாதிரிக் கண்ணாடிப் பாட்டில். எது யாருடையது என்று பள்ளிக்கூடத்து லேப் அட்டெண்டர் ஒரு சீட்டில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, பீரோவில் பூட்டிவிட்டார். எண்ணுகிறவருக்குத் தெரிந்தால் சொந்த வீட்டுத் தண்ணீரில் இரண்டைக் குறைத்து எண்ணத் தோன்றுமாம்.

தோழி பெரிய கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். பள்ளிக்கூடத்திலிருந்து மகளின் அறைக்குக் கொண்டு வந்திருந்த மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "மூணு நாள் எண்ணணும் அங்கிள். சனிக்கிழமை மேடையிலதான் கவரைப் பிரிப்போம்."

அவருக்குக் கவர் தேவைப்படவில்லை. குற்றமுள்ள நெஞ்சு பாட்டிலுக்குள் தன் வீட்டு மெஷினையே பார்த்துவிட்டது.

"சீஃப் கெஸ்ட் யார் தெரியுமாப்பா?" என்றாள் மகள். "உங்க மேனேஜர்! அவரை எப்படிப் புடிச்சோம்னு கேளேன்."

கேட்கும் நிலையில் அவர் இல்லை. மேனேஜர் முன்னால், மேடையில், மைக்கில், கம்பெனி மெக்கானிக் வீட்டுத் தண்ணீரில் முப்பத்தேழு! சனிக்கிழமை கைதட்டல், திங்கட்கிழமை வேலை காலி.

மறுநாள் மதியம், மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, வீட்டுக்கு வந்தார். அறைக் கதவில் மகளின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'பருத்தித் துணி மட்டும் உள்ளே வரலாம்.' பொம்பளைப் பிள்ளைகளுக்கு எழுதியது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பி பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டினார். பேட்டரிக் கடையில் வாங்கி வந்த டிஸ்டில்டு வாட்டரை அதே அளவுக்கு ஊற்றினார். உலகத்திலேயே இதைவிடச் சுத்தமான தண்ணீர் கிடையாது என்பது அவர் எண்ணம். அது வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கேனில் ஒரு மாதம் கிடந்து, அவர் ஸ்கூட்டரில் குலுங்கிக் குலுங்கி வந்தது என்பதை அவர் யோசிக்கவில்லை.

சாயங்காலம் மகள் கத்தினாள்: "அப்பா, ஐம்பத்திரண்டு!"

"என்னது? குறையலையா?"

"ஏன் குறையணும்?"

"இல்ல... ஒரு நாள் ஆச்சே. அடியில தங்கியிருக்கும்னு..."

கண்ணாடிக்காரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் காலண்டரைப் பார்த்தார்.

அடுத்த நாள் மதியம் தண்ணீரை வடிகட்டுவது என்று முடிவு செய்தார். பதினாறு வருஷமாக வடிகட்டுவதே தொழில், இதில் யார் அவருக்குச் சொல்லித்தரவேண்டும்? அவசரத்துக்கு வேறு துணி அகப்படவில்லை. போட்டிருந்த நீலச் சட்டையைக் கழற்றி நாலாக மடித்துப் பாட்டில் வாயில் வைத்து, தண்ணீரைப் பதமாக ஊற்றினார்.

"சட்டையைத் துவைக்கணும்னா வாளி இருக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மனைவி. "புள்ளையோட பாட்டில்ல எதுக்கு முக்குறீங்க?"

"தூசி இருந்துச்சு."

"தண்ணியிலயா, சட்டையிலயா?"

"ரெண்டுலயும்தான். புள்ளைகிட்ட சொல்லிடாத."

"எதைன்னு சொல்ல? பனியனோட நின்னு பாட்டிலுக்குச் சட்டை போட்டு விடுறீங்கன்னா?"

அன்று சாயங்காலம் இருவரும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து மகள் வெளியே வந்தாள். முகத்தில் பேயறைந்த மாதிரி ஒரு பரவசம்.

"நூத்துப் பதினெட்டு. அதுல தொண்ணூறு நீல நூல். சூடான ஊசியால தொட்டோம், எல்லாம் சுருண்டுடுச்சு. சுத்தமான பாலியஸ்டர்ப்பா!"

அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். எவ்வளவு குனிந்தும் சட்டையின் நிறம் மாறுவதாக இல்லை.

"ஏம்மா, அந்த ஒரு பாட்டிலை மட்டும் விட்டுடலாமே. மீதி ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

"வந்த கணக்கை மறைச்சா அது திருட்டுப்பா."

வெள்ளிக்கிழமை காலை பாட்டில்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டன.

சனிக்கிழமை. முன்வரிசையில் மேனேஜர், பெரிய நாற்காலியில். சர்வீஸ் ஆட்கள் சீருடையில் வரவேண்டும் என்று ஆபீஸில் உத்தரவு போட்டிருந்ததால், மெக்கானிக் அதே நீலச் சட்டையில் ஓரமாக நின்றார். மேடைத் திரையில் மகள் ஒரு படத்தைப் போட்டாள். ஊசி முனையளவு நூல், கப்பல் கட்டும் கயிறு கணக்காக விரிந்தது. பளிச்சென்ற நீலம்.

மெக்கானிக் மெல்ல இரண்டு கைகளையும் மார்பின்மேல் கட்டிக்கொண்டார். மறைந்தது பொத்தான் மட்டும்தான்.

"ஒரு நிமிஷம்" என்று எழுந்தார் அறிவியல் டீச்சர். "முதல் நாள் ஒரு நீல நூல்கூட இல்ல. மூணாவது நாள் தொண்ணூறு. அதே தண்ணியில இது எப்படி வரும்?"

"தெரியல டீச்சர்."

"பாட்டிலை யாராவது தொட்டீங்களா?"

"இல்ல டீச்சர். சத்தியமா."

"அப்படின்னா கணக்கை நீங்களா எழுதியிருக்கீங்க. இல்லன்னா சுத்தமா வேலை செய்யல. எதுவா இருந்தாலும் இந்த புராஜெக்ட்டை நான் ஏத்துக்க முடியாது."

மகள் படத்தைக் காட்டிக்கொண்டிருந்த குச்சியை மேஜைமேல் வைத்தாள். மூன்று நாளாகச் சாயங்காலம் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து கழுத்து பிடித்துக்கொண்ட பெண். கண் நிறைந்து, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிஷத்தில் அவருக்குத் தோன்றிவிட்டது. கால் தானாக மேடைக்கு நடந்தது.

"டீச்சர், புள்ளைங்க மேல தப்பில்ல. அந்த நூல் என் சட்டை." அவர் கையைப் பிரித்தார். சட்டை சாட்சி சொன்னது. "நான்தான் தண்ணியை மாத்தினேன். அப்புறம் சட்டையில வடிகட்டினேன். முதல் நாள் எண்ணின முப்பத்தேழுதான் உண்மை. பி எங்க வீட்டுத் தண்ணி. மெஷின் நல்ல மெஷின்தான். நான்தான் ரெண்டு வருஷமா ஃபில்டர் மாத்தல. மேனேஜர் சாருக்குத் தெரிஞ்சுடும்னு பயந்து இப்படிப் பண்ணிட்டேன்."

மகள் அவரையே பார்த்தாள். கோபமா பாசமா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேனேஜர் எழுந்து மைக்கைப் பிடுங்கினார்.

"முப்பத்தேழு! கேட்டுக்கங்க எல்லாரும்! வீட்ல நம்ம மெஷினை வச்சுக்கிட்டு, அதைத் திறந்துகூடப் பாக்காம, பெத்த புள்ளைக்கு இந்தத் தண்ணியைக் குடுத்திருக்கான். இவனெல்லாம் ஒரு தகப்பனா? இப்படி ஒரு வீட்டுக்காரனுக்கு என் கம்பெனியில ஒரு நிமிஷம்கூட இடம் கிடையாது. திங்கக்கிழமை சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிடணும்!"

"முதல் நாள் கணக்கு சரின்னா புராஜெக்ட்டும் சரி" என்றார் டீச்சர், நிலைமையைச் சமாளிக்கிற அவசரத்தில். "கவரைப் பிரிங்கம்மா, முடிச்சுடலாம்."

லேப் அட்டெண்டர் கவரை நீட்டினார். கண்ணாடிக்காரி வாங்கிக் கிழித்தாள். சீட்டைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். பிறகு மைக்கும் கையுமாக நின்ற மேனேஜரின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பி நம்ம வீட்டுத் தண்ணி."