ஒல்லாந்தர் காட்டிய ஒல்லாந்து

மெல்பன் நகரத்தில் ஒல்லாந்து என்கிற ஹாலந்து நாட்டைப் பற்றி அத்தனையும் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எழுபதுகளின் நடுவில் அந்த ஊர்த் தமிழர்கள் எல்லாரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தால் பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அந்தச் சின்னக் கூட்டத்தில் அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. ஒல்லாந்தர் என்றால் போதும், எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் உடனே கடிகாரத்தையும் பார்ப்பார்கள். பேச ஆரம்பித்தால் அவர் நிறுத்தமாட்டார்.

இத்தனைக்கும் அவர் ஒல்லாந்தில் இருந்தது மொத்தம் அரை நாள். லண்டனில் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்கு வரும் வழியில் ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாறவேண்டியிருந்திருக்கிறது. இடையில் கிடைத்த பொழுதில், ஒரு காரும் ஒரு டிரைவருமாகத் தனியே அமர்த்திக்கொண்டு, காற்றாலைகளையும் நாட்டுப்புறக் கிராமங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டார். “பஸ்ஸில கூட்டமாப் போறவையெல்லாம் என்னத்தைக் காணப்போயினம்? நான் போனது பிரைவேட் டூர்” என்பார். அந்த அரை நாளை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருடம் பேசினார்.

மெல்பனில் மழை பெய்தால், “இதெல்லாம் ஒரு மழையோ? ஒல்லாந்து மழையைப் பார்க்கவேணும்” என்பார்.

“அன்னிக்கு அங்க மழை பெஞ்சுதா அங்கிள்?” என்று என் கணவர் ஒருநாள் கேட்டார்.

“இல்லை தம்பி, நல்ல வெயில். ஆனால் பெய்ஞ்சால் எப்பிடிப் பெய்யும் எண்டு வானத்தைப் பார்க்கவே விளங்கிச்சுது.”

நாங்கள் கும்பகோணத்திலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்கள். எங்கள் தலைவிதி, அவர் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில் குடியேறினோம். அந்த அரைநாள் பயணத்தில் அவர் ஒரு ஜோடி மரச்செருப்பு வாங்கி வந்திருந்தார். வீட்டுக்குள் அதைத்தான் போட்டுக்கொண்டு நடப்பார். காலையில் டக் டக் என்று எங்கள் கூரை முழங்கும். குசினிக்குப் போகிறார், திரும்புகிறார், தேநீரை மறந்துவிட்டார், மறுபடி போகிறார் என்று படுக்கையில் இருந்தபடியே நான் சொல்லிவிடுவேன். அவர் பேச்சில் குசினி என்றால் சமையலறை, பாண் என்றால் பிரெட் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. புகார் சொல்லப் போன என் கணவர் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார். சீஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சத்தம் நின்றுபோனது. மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி இருவரும் மேலே ஓடினோம். கதவைத் திறந்தவர் வெறுங்காலுடன் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அவருடைய மனைவி. முந்தின நாள்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார்.

ஆன்ட்டியை அவர்கள் ஊர் உச்சரிப்பில் அன்ரி என்றுதான் கூப்பிட்டோம். அங்கே அவர் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. பிள்ளைகள் இல்லை, பள்ளிக்கூடம்தான் எல்லாம். ‘வந்துவிடு, வந்துவிடு’ என்று இவர் வருடக்கணக்காகக் கூப்பிட்டும் அவர் அசையவில்லை. இப்போது லீவு போட்டுவிட்டு, இந்த நாட்டில் குடியிருக்க முடியுமா என்று பார்த்துப்போக வந்திருந்தார். முடியும் என்றால் இங்கேயே இருந்துவிடுவார். முடியாது என்றால் திரும்பிப்போய்ப் பள்ளிக்கூடத்தைப் பார்ப்பார், இவர் பழையபடி மேல்வீட்டில் தனியாக நடந்துகொண்டிருப்பார். மெல்பனைத் திருத்தவேண்டிய விடைத்தாள் மாதிரிதான் அன்ரி பார்த்தார். டிராம் பார்த்தார், கடற்கரை பார்த்தார், தாவரப் பூங்கா பார்த்தார். ஒன்றுக்கும் மதிப்பெண் விழவில்லை.

அன்ரி திரும்பிப்போகும் விமானத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒல்லாந்தர் எங்கள் வீட்டுச் சமையலறையில் வந்து நின்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“தம்பி, அவ போனால் நான் உந்தக் குசினியில தனியப் பாணைத் திண்டுதிண்டே முடிஞ்சுபோவன்.”

அடுத்த நிமிடமே பழைய ஆளாகிவிட்டார். “ஆனால் அவ போகமாட்டா. ஞாயிற்றுக்கிழமை ஒல்லாந்தைக் காட்டப்போறன். பிரைவேட் டூர், அரை நாள். நீங்கள் ரெண்டு பேரும் வாறியள்.”

திட்டம் என்னவென்றால், நகரத்துக்குக் கிழக்கே மலைப்பக்கம் ஒல்லாந்துக் குடியேறிகள் டியூலிப் பூ பயிர் செய்கிறார்களாம். அங்கே ஒருவர் ஊர் ஞாபகத்தில் மரத்தால் ஒரு காற்றாலை கட்டியிருக்கிறாராம். பூவும் காற்றாலையுமாக அதைக் கண்டால் எந்தத் தலைமையாசிரியைக்கும் மனம் இளகிவிடும் என்பது அவர் கணக்கு. என்னைக் கேட்டால் அது மோசமான திட்டமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோட், டையுடன் வந்து தன் பச்சை ஸ்டேஷன் வேகனின் கதவைத் திறந்து பிடித்தார். அன்ரி இடியப்பமும் சம்பலும் கட்டியிருந்தார், நான் புளிசாதம். ஏறி உட்கார்ந்ததும், பேச்சுக்கு நான் வாயைத் திறந்தேன்.

“அங்கிள், எந்த வழியா எங்க போ...”

“பிள்ளை!” என்று முன்சீட்டிலிருந்து அன்ரி திரும்பினார். “வெளிக்கிடேக்க எங்க எண்டு கேக்கக்கூடாது.”

எங்கள் ஊரிலும் உள்ள வழக்கம்தான். புறப்படுகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது, முதல் சிவப்பு விளக்கில் நின்றது, மறுபடி நகர்ந்தது. என் கணவர் தொண்டையைச் செருமினார்.

“அங்கிள், இப்ப நாம எங்க...”

“தம்பி, இப்பதானே திரும்ப வெளிக்கிட்டனாங்கள்” என்றார் ஒல்லாந்தர். அன்ரியும் யோசித்துப் பார்த்துவிட்டு, “ஓம், அதுவும் வெளிக்கிடுறதுதான்” என்று தீர்ப்புச் சொன்னார். அப்புறம் என்ன? மெல்பனில் சிவப்பு விளக்குக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் ஒரு புதுப் புறப்பாடு. எங்கே போகிறோம் என்று கேட்க ஒரு வழியும் இல்லாமல் நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஒல்லாந்தர் வேலை பார்த்தது வரைபடம் போடும் அலுவலகத்தில். அதனாலேயே காரில் வரைபடம் வைத்துக்கொள்வது தனக்கு அவமானம் என்று நினைப்பார். தலைக்குள் எல்லாம் இருக்கிறதாம்.

என் கணவர் என் காதருகில் குனிந்தார். “காலைல கிழக்கே போனா சூரியன் மூஞ்சில அடிக்கணும். நமக்கு முதுகுல அடிக்குது.”

“பேசாம வாங்க” என்றேன். பேசினால் யாருடைய காரியம் கெடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மலை வரவில்லை. நிலம் தட்டையாகிக்கொண்டே போனது. காலிபிளவரும் முட்டைக்கோசும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. “பார்த்தியளோ, தட்டை! ஒல்லாந்து இப்பிடித்தான், ஒரு மேடு கிடையாது” என்றார் ஒல்லாந்தர் பெருமையுடன். அப்போதுதான் அந்த வாசம் வந்தது. வாசம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாங்கள் நகரத்துக்கு மேற்கே வெரிபீ என்ற ஊர்ப் பக்கம் வந்துவிட்டோம். இப்போது அங்கே புதுப்புது வீடாகக் கட்டிக் குடியிருக்கிறார்கள். அன்றைக்கு மெல்பன் நகரத்துச் சாக்கடையெல்லாம் போய்ச் சேரும் கழிவுநீர்ப் பண்ணைக்குத்தான் அந்த ஊர் பெயர் போனது.

அன்ரி சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டார். நானும் வைத்துக்கொண்டேன். என் கணவருக்குத் தலைப்பு இல்லாததால் என்னுடையதில் பாதியை எடுத்துக்கொண்டார்.

ஒல்லாந்தர் நன்றாக மூச்சை இழுத்துவிட்டார். “நாட்டுப்புற வாசம்! மாடு, எரு, புல்லு. அதே வாசம். எனக்கு ஆம்ஸ்டர்டாம் ஞாபகம் வருது.”

தூரத்தில் ஒரு காற்றாலை தெரிந்ததும் வண்டியை அந்தப் பண்ணைக்குள்ளேயே திருப்பிவிட்டார். மரத்தால் ஆனது அல்ல, பூக்களும் இல்லை. உயரமான இரும்புச் சட்டம், உச்சியில் தகரச் சக்கரம், கீழே தண்ணீர்த் தொட்டி. பெரிய மீசையுடன் ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். ஒல்லாந்தர் இறங்கி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் ஒல்லாந்து முன்னோர்தான் எங்கள் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டினார்கள், அந்த வகையில் நாம் சொந்தம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். அவர் குழம்பிப்போய், தான் இத்தாலிக்காரன் என்றார்.

“என்னவாம்?” என்று அன்ரி கேட்டார்.

“இத்தாலியில இருந்து வந்தவராம். பரவாயில்லை, ஒல்லாந்தில எல்லா நாட்டுக்காரரும் இருக்கினம்” என்றார் ஒல்லாந்தர், கொஞ்சமும் அசராமல்.

இத்தாலிக்காரர் நல்ல மனிதர். எங்களை விரட்டவில்லை. அவர் மனைவி வீட்டிலிருந்து காபி கொண்டுவந்தார். நாங்கள் இடியப்பம் கொடுத்தோம், அதை அவர்கள் மிகுந்த மரியாதையுடன் ஆராய்ந்து சாப்பிட்டார்கள். எல்லாம் சரிதான், ஆனால் காற்றாலை சுற்றவில்லை. ஓர் இலைகூட ஆடாத நாள். அன்ரி அதை அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒல்லாந்தரின் முகம் வாடியதை நான் பார்த்தேன். கிழக்கே போகவேண்டிய நாம் மேற்கே வந்துவிட்டோம் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கவேண்டும். ஆனால் சொல்லமாட்டார். சொன்னால் அன்ரி அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவார்.

காபிக் கோப்பையைத் தொட்டி விளிம்பில் வைத்தார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். யாரும் தடுப்பதற்குள் இரும்பு ஏணியில் ஏற ஆரம்பித்தார்.

ஐம்பது வயது தாண்டிய மனிதர், டையுடன், விறுவிறுவென்று உச்சிப் பலகைக்குப் போய்விட்டார். அங்கே நின்றுகொண்டு தகரச் சக்கரத்தைக் கையால் தள்ளினார். கிரீச் என்று அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி தள்ளினார். மேலிருந்து குரல் வந்தது.

“இப்பிடித்தான்... ஒல்லாந்தில... தண்ணியை இறைச்சு இறைச்சு... கடலையே தள்ளி வைச்சவை!”

அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கமிருந்து காற்று வந்தது. மெல்லத்தான் வந்தது, பிறகு ஒரேயடியாக வந்தது. சக்கரம் சடசடவென்று சுழல, ஒல்லாந்தர் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டை காற்றில் நேராக நின்றது. கோட்டின் நுனி சட்டத்தில் எங்கோ மாட்டிக்கொள்ள, அவரால் இறங்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. முகத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. அந்த நிலையிலும் அவர் விளக்கத்தை நிறுத்தவில்லை.

“இது... சின்ன வகை! பெரிசு... இதைவிட வேகம்!”

“இஞ்சேருங்கோ!”

அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தையே அடக்கிவைத்த குரல் உடைந்துபோய் வந்தது. அன்ரி செருப்பை உதறிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறப்போனார். நானும் இத்தாலிக்கார அம்மாளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். மீசைக்காரர் ஓடிப்போய்க் கீழேயிருந்த, சக்கரத்தை நிறுத்தும் இரும்புப் பிடியில் தொங்கி இழுத்தார். சக்கரம் முனகிக்கொண்டு நின்றது. என் கணவர் ஏறிப்போய்க் கோட்டை விடுவித்தார்.

இறங்கி வந்தவரின் கன்னமெல்லாம் கிரீஸ்.

“சுத்தினதைப் பார்த்தனீரோ?” என்று அன்ரியிடம் கேட்டார்.

அன்ரி கைக்குட்டையைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து அவர் முகத்தைத் துடைத்தார். பலமாகத்தான் துடைத்தார், தோலே உரிந்துவிடும்போல. துடைத்து முடித்தும் கையை எடுக்கவில்லை. நான் காலிபிளவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதற்கு அந்த நாற்றத்தைக் காரணம் சொன்னேன்.

திரும்பி வரும் வழியில் நகரத்துக் கட்டடங்கள் தெரிய ஆரம்பித்தபோது அன்ரி சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

“நாளைக்கு ஒரு கடைக்குப் போகவேணும். நல்ல சட்டி ரெண்டு வாங்க.”

“இருக்கிற சட்டி போதும்தானே?”

“உந்த ஒற்றைச் சட்டியோட எத்தினை வருசம் குடும்பம் நடத்திறது?”

ஒல்லாந்தர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். “அப்ப பிளேன்...?”

“பிளேன் போகட்டும். உங்களைத் தனிய விட்டால் நீங்கள் இன்னும் எதிலயெல்லாம் ஏறுவியளோ தெரியாது. நான் போகேல்லை.”

அவர் மறுபடி வண்டியை எடுத்தார். ஒரு சிவப்பு விளக்கு வந்தது, போனது. இன்னொன்று வந்தது. ஒல்லாந்தர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், உதட்டை இறுகக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் வாய்மூடி இருப்பதை என்னால் கொஞ்ச நேரம்கூடப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அங்கிள்,” என்றேன், “அந்த சீஸ் எப்படிச் செய்வாங்கன்னு எனக்குச் சொல்லவே இல்லையே. முதல்லேர்ந்து சொல்லுங்களேன்.”